டிராக்டர் ட்யூபில் ஒரு பாடை

நான் சிற்பி. இதை எங்கள் தெருவில் சொன்னால் "எந்தக் கோயில் வேலைங்க?" என்று கேட்பார்கள். தஞ்சாவூரில் சிற்பி என்றால் கல், இல்லாவிட்டால் ஐம்பொன். நான் கையாள்வது இரண்டும் இல்லை. அறுப்பு மெஷினின் கிழிந்த ரப்பர் பெல்ட், சொட்டுநீர்க் குழாய், உமி, உமிச்சாம்பல், நைந்த தார்ப்பாய், வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம். இவற்றை வைத்து நாற்காலி செய்வேன், விளக்கு செய்வேன், சில சமயம் என்னவென்று எனக்கே தெரியாத ஒன்றையும் செய்வேன். அந்த மூன்றாவது ரகத்துக்குத்தான் சென்னையில் மரியாதை அதிகம்.

ஒருமுறை கறுப்புச் சொட்டுநீர்க் குழாயை வெந்நீரில் வாட்டி வளைத்து நூறு கொக்குகள் செய்து, ஓர் ஓட்டலின் வரவேற்பறையில் தொங்கவிட்டேன். 'பொருளின் நினைவுகளோடு ஓர் உரையாடல்' என்று அட்டையில் அச்சடித்துப் பக்கத்தில் வைத்தார்கள். அந்தக் குழாய்க்கு நினைவு என்று ஏதாவது இருந்தால் அது உள்ளே அடைத்துக்கொண்ட உப்புதான். என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொக்கு ஏன் கறுப்பா இருக்கு? காக்கான்னு சொல்லிடேன், பிரச்சினை முடிஞ்சுது" என்றார். ஓட்டல் மேலாளர் அதைக் கேட்டுவிட்டார். மேலாளரின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் ரொம்ப நாளாக அதே சந்தேகம் இருந்தது தெரிந்தது.

வீட்டுக்காரர் அறுப்பு மெஷினுக்கும் டிராக்டருக்கும் உதிரி பாகம் விற்கிறவர். திருக்காட்டுப்பள்ளி போகும் சாலையில் கடை. பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி அவருடைய கிடங்கு, பாதி என் பட்டறை. அந்த எல்லையை இருவருமே மதித்ததில்லை. அவர் சாமானை நான் அறுப்பேன், என் சிற்பத்தின் மேல் அவர் ஆயில் டின்னை அடுக்குவார். வாடிக்கையாளர் யாராவது என் வேலையைக் காட்டி "இது எந்த மாடலுக்குங்க?" என்று கேட்டால், கொஞ்சமும் சிரிக்காமல் "ஸ்டாக் இல்லீங்க, ஆர்டர் பண்ணணும்" என்பார். அப்படி ஒரு மனுஷன்.

ஒரு ஐப்பசி மழையில் அந்த மனுஷனுக்கு இருமல் வந்தது. இருமல் சளியாகி, சளி நெஞ்சில் இறங்கி, ஒரே வாரத்தில் ஐ.சி.யூ. தொண்டையில் குழாய் போட்டார்கள். பதினொரு நாள் ஒரு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். என்னோடு வலங்கைமானிலிருந்து வந்த என் நாத்தனார், அவருடைய அக்கா. ஏழாம் நாள் டாக்டர் வெளியே வந்து, "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார்.

நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. கும்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்து பேர் வாங்கியவள். அப்படிப்பட்ட என் வாய், அந்த ஆஸ்பத்திரி நடையில் தானாகத் திறந்து, "ஆத்தா, அவரை எந்திரிக்க வெச்சிடு. பாடைக்காவடி எடுக்கச் சொல்றேன்" என்றது.

பாடைக்காவடி வலங்கைமான் மாரியம்மனுக்குச் செய்கிற வேண்டுதல். சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள், பங்குனித் திருவிழாவில் பிணம் மாதிரியே பாடையில் படுப்பார்கள். உறவில் ஒருவர் முன்னால் தீச்சட்டி ஏந்திப் போக, தப்பு அடித்துக்கொண்டு நாலு பேர் தூக்கிக் கோயிலை மூன்று சுற்று வருவார்கள். முடிந்ததும் பூசாரி தண்ணீர் தெளிப்பார். பிணம் எழுந்து உட்கார்ந்து விபூதி வாங்கிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் இதை முதல்முறை பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல ஒத்திகை எல்லாம் பலமா இருக்கே" என்று சொல்லி நாத்தனாரிடம் திட்டு வாங்கியவள் நான். இப்போது திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். சாமி மறந்தாலும் மறக்கும், நாத்தனார் மறப்பாரா?

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். வீட்டுக்கும் வந்துவிட்டார். பத்து கிலோ போயிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

முதலில் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவைத்துத் தூங்கிவிட்டார், இனி மெதுவாக வரும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. மூன்று மாதம் ஆயிற்று. மனுஷன் படுக்கவே மாட்டேன் என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசருவார், பத்து நிமிஷத்தில் திடுக்கிட்டு விழித்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்பார். ஒரு நாள் மத்தியானம் கடையில் அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம் முன்னாடி புதன்கிழமை. இப்பவும் புதன்கிழமைதான்" என்று கத்தினேன்.

"கோவப்படாத. 'தூங்குங்க சார், ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லித்தான் ஊசி போட்டாங்க. கண்ணை மூடித் தெறந்தா ஒம்போது நாள் போயிருந்துச்சு. அந்த ஒம்போது நாள்ல நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மறுபடியும் மூடினா எத்தனை நாள் போகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

டாக்டரிடம் பதில் இருந்தது, மாத்திரை. அதை அவர் ஸ்பானர் டப்பாவில் ஒளித்துவைத்ததைப் பிறகு கண்டுபிடித்தேன்.

பேசி ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். பொருளை மாற்றினால் எல்லாம் மாறும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை, கிட்டத்தட்ட மதம். மனுஷன் தூங்கவில்லையா? படுக்கையில் கோளாறு. முதலில் உமி மெத்தை தைத்தேன். "உமிக்குள்ள காத்து போய் வரும், உடம்பு சூடாகாது" என்று வகுப்பெடுத்தேன். ஒருமுறை புரண்டு படுத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எலி நெல்லு கொறிக்கற சத்தம் கேக்குது" என்றார். அது உமியின் சத்தம் என்று விளக்கினேன். மூன்றாம் நாள் நிஜ எலியே வந்துவிட்டது. உமியில் கிடந்த குருணையை நான் சரியாகப் புடைக்கவில்லை.

அடுத்து பட்டுக்கோட்டையிலிருந்து தென்னை நார் வரவழைத்து, ரப்பர் பால் தெளித்து அழுத்திப் பலகை மாதிரி ஒரு படுக்கை. அழகென்றால் அழகு. டெல்லியில் ஒரு கண்காட்சியில் அதே முறையில் செய்த பெஞ்சுக்குப் பரிசுகூட வாங்கியிருந்தேன். டெல்லியில் அதில் யாரும் சட்டையில்லாமல் படுக்கவில்லை என்பது இவர் முதுகைச் சொறிந்தபோதுதான் உறைத்தது. மூன்றாவதாக, தலைப்பக்கம் உயர்ந்த சாய்வுப் படுக்கை. பிளாஸ்டிக் குழாயில் சட்டம் போட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, சாய்மானத்தை ஏற்றி இறக்கக் கைப்பிடியும் வைத்து, பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"பக்கத்துல மணி அடிக்கற மெஷினையும் வெச்சிடு" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அச்சு அசல் ஐ.சி.யூ. கட்டில். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றே பிரித்துப் போட்டுவிட்டேன். அவர் பழையபடி அந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிக்கே போனார், கல்யாண மண்டபத்தில் நூறு நூறாக அடுக்கிவைப்பார்களே, அது. இருபது வருஷம் வடிவமைப்பில் மூழ்கி முத்தெடுத்தவளை உலகத்திலேயே மட்டமான நாற்காலி தோற்கடித்தது.

முதல் பங்குனியில், உடம்பு தேறவில்லை என்று நாத்தனாரிடம் தப்பித்தேன். இரண்டாவது மாசியில் போன் வந்துவிட்டது.

"என்னம்மா, இந்த வருஷம் பாடை சொல்லிடலாமா?"

"அண்ணி, நான் அதையெல்லாம் நம்பறவ இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"நம்பாதவ எதுக்கும்மா வேண்டிக்கிட்ட?"

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"படுக்கச் சொல்லுவாங்க. கையைக் கட்டுவாங்க, வாயைக் கட்டுவாங்க. கண்ணை மூடணும். என்னால முடியாது. வேற என்ன வேணா கேளு" என்றார்.

"சரி, விட்டுடலாம். வாய் தவறிச் சொன்னதுதானே" என்றேன் பெரிய மனதோடு.

ஆனால் என் மனம் விடவில்லை. அவர் லேசாகச் செருமினால் போதும், பட்டறையிலிருந்து ரப்பர் அறுக்கும் கத்தியோடு ஓடி வருவேன். கடையில் ஒரு விவசாயி இருமினார் என்று அவரை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டேன். பயம்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பயம். கடன்பட்டவள் மாதிரி சாமிக்குப் பயந்து கிடந்தேன், இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்ளாத சாமிக்கு. ஒரு வாரம் இதைப் பார்த்துவிட்டு அவரே வந்தார்.

"படுக்கறேன் தாயே. நீ கத்தியோட ஓடி வர்றதைப் பாத்தாத்தான் எனக்கு உயிர் போவுது. ஆனா ஒண்ணு, மூங்கில் பிளாச்சுல படுக்கமாட்டேன். முதுகு தாங்காது."

அது நியாயம். ஆஸ்பத்திரியில் வந்த படுக்கைப்புண் ஆறியிருந்தாலும், முதுகின் அடியில் எது அழுத்தினாலும் அவருக்கு வலிக்கும். ஆக, ஒரு பாடையை வடிவமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். மனுஷன் கட்டிலைத் திருத்தினான், நாற்காலியைத் திருத்தினான், மாட்டு வண்டியைத் திருத்திக் காராக்கினான். பாடையை மட்டும் தொடவே இல்லை. பிணம் புகார் சொல்லாது என்கிற ஒரே காரணம்தான்.

வலங்கைமானில் பாடை கட்டுகிறவரை நாத்தனார் காட்டினார். என் வயதுதான் இருக்கும். மற்ற மாதங்களில் கல்யாணப் பந்தல், பங்குனியில் பாடை. காதில் போனும் கையில் கொச்சக் கயிறுமாக நின்றுகொண்டே பேசினார்.

"பாடைன்னா பச்சை மூங்கில், பச்சைத் தென்னமட்டை, வைக்கோல், கயிறு. இதுக்கு மேல ஒரு சாமான் கெடையாது மேடம்."

"டிராக்டர் ட்யூப் சேத்துக்கலாமா?"

அவர் என்னை விட்டுவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிற பார்வை. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ட்யூபை வாரா அறுத்துக் கயித்துக் கட்டில் மாதிரி பின்னிட்டா முதுகு அழுத்தாதுங்க. நடக்கறப்போ அதிர்வும் தெரியாது" என்றேன்.

"பொணத்துக்கு எதுக்குங்க ஸ்பிரிங்கு?"

"அவர் பொணம் இல்லீங்களே."

"அதை அங்க வந்து சொல்லிடாதீங்க. மூணு சுத்து முடியற வரைக்கும் பொணந்தான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கல்யாணப் பந்தல்ல தெர்மாகோல்ல தூண் வெக்கிறீங்க, தெர்மாகோல்ல யானை வெக்கிறீங்க. அங்கெல்லாம் பச்சை மூங்கில் சட்டம் கெடையாதா?"

"கல்யாணம் வேற மேடம். அதுல பொய் சொல்லலாம்" என்றார் சாவகாசமாக.

இருபது வருஷத்தில் எந்தக் கலை விமர்சகரும் என்னை இப்படி வாயடைக்கச் செய்ததில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். சட்டம் அவருடைய மூங்கில். படுக்கிற இடம் என்னுடையது. ஆனால் வெளியே கறுப்பாக எதுவும் கண்ணில் படக்கூடாது, முழுக்க வைக்கோல்தான் தெரியவேண்டும்.

டிராக்டரின் பின்சக்கர ட்யூப் ஒன்றை ரெண்டு விரல் அகல வார்களாக அறுத்தேன். முதல் பின்னலில் ஒரு நெல் மூட்டையை வைத்ததும் அது தொங்கித் தரையைத் தொட்டது. இழுத்துக் கட்டினால் பலகையாகிவிட்டது. பிறகு தோளுக்கும் தொடைக்கும் இறுக்கமாக, இடுப்புக்கு மட்டும் தளர்த்தி, புண் இருந்த இடத்தில் ஒரு கையகலம் வெறுமனே விட்டுப் பின்னினேன். மேலே வைக்கோலைப் புரியாக முறுக்கி அடுக்கித் தைத்தேன். ரப்பர் ரப்பரோடு உரசிக் கீச்சென்று கத்தியது, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவியதும் வாயை மூடிக்கொண்டது. என் கையால் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

இதற்கிடையில் சென்னைக் காட்சிக்கூடத்திலிருந்து ஓர் அம்மாள், எப்படியோ கேள்விப்பட்டுப் போன் செய்தார். "மரணத்தோட ஒரு உரையாடல்! நாம இதைக் கண்டிப்பா காட்சிக்கு வெக்கணும்" என்றார். மரணத்தோடு உரையாடலெல்லாம் ஆஸ்பத்திரி நடையிலேயே முடிந்துவிட்டது மேடம், இது வேண்டுதல், வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்து சோதனை. மூட்டைக்கு முதுகு வலி தெரியாது, ஆள் வேண்டும். வீட்டுக்காரர், அன்றைக்கு ஒரு தடவை படுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கடை மெக்கானிக்குகள், "அக்கா, எங்க வீட்ல கொன்னுடுவாங்க" என்று பின்வாங்கினார்கள். சரி என்று நானே ஏறிப் படுத்துக்கொண்டு, "தூக்குங்க, நடங்க" என்றேன். கொட்டகைக்குள் திரும்ப இடமில்லாததால், நாலு பேரும் தூக்கிக்கொண்டு சாலையோரத்துக்கே வந்துவிட்டார்கள்.

அங்கேதான் வினை. நான் கண்ணை மூடி, எந்த வார் எங்கே தாழ்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தூளி மாதிரி மெல்ல ஆடியது, எனக்கே கண் சொக்கியது. பைக்கில் போன ஒருவர் இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டிருக்கிறார். பஸ்ஸிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண்மணி கிட்டேயே வந்துவிட்டார்.

"யாருப்பா இது?"

"முதலாளி சம்சாரம்ங்க" என்றான் மெக்கானிக்குகளில் ஒருத்தன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் புண்ணியவான்.

"அடப் பாவமே! நேத்துகூடக் கடையில பாத்தேனே!"

"இப்பவும் பாக்கலாங்க" என்று நான் எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் பாடையைக் கீழே போட்டுவிட்டார்கள். ட்யூப் என்னைத் தூக்கிப் போட்டு ஏந்திக்கொண்டது, ஒரு சிராய்ப்புகூட இல்லை. சாயங்காலத்துக்குள் மூன்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்து வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டார்கள். "ஆமாங்க, போனது வாஸ்தவந்தான். திரும்பி வந்துட்டாங்க. நமக்கு அவ்வளவுதான் கொடுப்பினை" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திருவிழா அன்று காலையிலேயே கூட்டம். பங்குனியில் குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் ஏது? மணலைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்காரர் குழாயடியில் குளித்தார். புது வேட்டி, உடம்பெல்லாம் விபூதி, நெற்றியில் காசு. பாடைகள் வரிசையாகக் காத்திருந்தன. பந்தல்காரர் சொன்னபடி மூங்கில் சட்டம் கட்டி என் பின்னலைப் பொருத்தியிருந்தார். ஒரு சாண் வார்கூடக் கறுப்பாகத் தெரியவில்லை. தீச்சட்டியை நாத்தனாரே எடுத்துக்கொண்டார்.

"கடைசி ஆசை ஏதாவது இருக்காங்க?" என்றேன்.

"ஒரு காப்பி."

"எந்திரிச்சு வந்தா கெடைக்கும்."

படுத்தார். பந்தல்காரர் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். தாடையைச் சுற்றித் துணியைக் கட்டியபோது அவர் கண்ணில் கேலி போய்விட்டது. தொண்டையில் குழாய் போட்ட அன்று கண்ணாடி வழியாக நான் பார்த்த கண் அது. சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு நொறுங்குகிற பிடி. "வேண்டாம், வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். துணி கட்டிய வாயோடு வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பிடியைப் பந்தல்காரர் பார்த்துவிட்டார். கையைக் கட்டவேண்டிய கயிற்றை முடிச்சு போடாமல் சும்மா சுற்றிவைத்து, "இழுத்தா வந்துடும் சார்" என்றார் மெதுவாக. என் கையை அவர் விட்டார். கண்ணை மூடினார்.

தப்பு அதிர்ந்தது. முதல் சுற்றில் அவர் இமை துடித்துக்கொண்டே இருந்தது. நான் பக்கத்திலேயே ஓடினேன். இரண்டாவது சுற்றில் துடிப்பு அடங்கியது, பரவாயில்லை என்று மூச்சு விட்டேன். மூன்றாவது சுற்றில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். என் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற பாடைகள் தூக்குகிறவர்களின் நடைக்குக் குலுங்கின. என் பாடை அலுங்காமல் போனது. கலைஞர் என்கிற ஜாதிக்கே உரிய கேவலமான பெருமையில், ஒரு வீடியோகூட எடுத்தேன்.

சந்நிதிக்கு எதிரே நிறுத்தினார்கள். பூசாரி தண்ணீர் தெளித்து, "எந்திரிங்க" என்றார். எங்களுக்கு முன்னால் போனவர்களெல்லாம் தண்ணீர் பட்டதுமே எழுந்து உட்கார்ந்தவர்கள். இவர் அசையவில்லை. பூசாரி மறுபடியும் தெளித்தார். அசையவில்லை. தப்பு நின்றது. நாத்தனார், "தம்பி" என்றார். பிறகு உரக்க, "தம்பி!" என்றார்.

எனக்கு அந்த நடையும் அந்தக் கண்ணாடிக் கதவும் முன்னால் வந்து நின்றுவிட்டன. நான்தான் வேண்டிக்கொண்டேன். நான்தான் படுக்கவைத்தேன். நானே கையால் பாடை பின்னிக் கொண்டுவந்து கொடுத்தேன். மூக்கில் விரல் வைத்தேன், தீச்சட்டி அனலில் ஒன்றும் தெரியவில்லை. போனைக் கீழே போட்டுவிட்டு, தூக்கியிருந்தவர்களைத் தாழ்த்தச் சொல்லி, அவர் நெஞ்சில் காதை வைத்தேன். விபூதி வாயில் ஒட்டியது.

குறட்டை விட்டார்.

சும்மா இல்லை, மோட்டார் கொட்டகை மாதிரி ஒரு குறட்டை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பூசாரியே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"டேய், எந்திரிடா! இங்க வந்து தூங்கறான் பாரு, அபசகுனம்டா!" என்று நாத்தனார் அவர் தோளை உலுக்கக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, தொடாதீங்க."

"எந்திரிச்சாத்தானேம்மா வேண்டுதல் முடியும்?"

"முடியாட்டிப் போகட்டும். தூங்கறார் அண்ணி. மல்லாந்து படுத்துத் தூங்கறார்."

நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். தீச்சட்டியைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் வரிசையில் அடுத்த பாடைக்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். பந்தல்காரர் என்னிடம் வந்தார்.

"எத்தனை நாளா மேடம் தூங்கல?"

"ஒண்ணரை வருஷமா."

அவர் யாரையும் கேட்கவில்லை. "டேய், கீழ எறக்கினா முழிச்சுக்குவாரு. ஆட்டிக்கிட்டே என் பின்னாடி வாங்க" என்று தூக்கினவர்களை நடத்திக்கொண்டு போனார். கோயிலுக்குப் பக்கவாட்டில் அவர் போட்டிருந்த பந்தலின் கால்களில் நாலு கயிற்றை வீசிக் கட்டி, பாடையை அப்படியே தொங்கவிட்டார். முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பார்த்தார். வைக்கோலை விலக்கி ஒரு வாரைக் கட்டைவிரலால் அமுக்கினார். "மிச்ச ட்யூப் இருந்தா அனுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடையைக் கட்டப் போனார்.

நான் கீழே உட்கார்ந்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது. எந்த மெஷினும் தள்ளாமல், எந்த மணியும் அடிக்காமல், அதுபாட்டுக்கு ஏறி இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, ஒன்றரை வருஷமாக வராத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. வாய்விட்டு அழுதேன். போகிறவர்கள் நின்றார்கள். ஓர் அம்மாள் பக்கத்தில் குந்தி, "வேண்டுதலா, நெசமாவாம்மா?" என்று கேட்டார். அவர் என் முதுகைத் தடவிவிட்டுப் போனார். அத்தனை பாடை போன அந்தத் திருவிழாவில் நிஜமாக அழுத பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெயில் பந்தலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. யாரும் தொடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அவராகவே கண் திறந்தார். மேலே பந்தல் துணியைப் பார்த்தார். தாடைத் துணியைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் இப்படி அழுதுருக்க? செத்தா போயிட்டேன்?"

"இல்லீங்க. தூங்கிட்டீங்க."

கையை நீட்டி என் வாயோரம் ஒட்டியிருந்த விபூதியைத் துடைத்துவிட்டார். பிறகு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.